அப்பாவின் வயலுக்கு வரி கட்டணுமா? வாரிசு வரியும் ராஜாஜியின் கடைசிப் போராட்டமும்

காரைக்கால் மாவட்டம் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் ஒரு விவசாயி இறந்துபோனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாரிசுச் சான்றிதழ் வாங்குவார்கள். பட்டாவை மாற்றுவார்கள். அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போனால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வார்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று செலவு இருக்கும். ஆனால் அப்பாவின் நிலம் பிள்ளைக்கு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அரசுக்குத் தனியாக வரி கட்டணுமா? இன்றைக்கு இல்லை.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1953 முதல் 1985 வரை இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி என்ற வரி இருந்தது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுப்போன சொத்தை மதிப்பிட்டு, வரம்புக்கு மேல் இருந்தால் வாரிசுகளிடம் வசூலிப்பார்கள். விவசாய நிலமும் அதில் அடக்கம்.

இந்தச் சண்டை இப்போது பிரிட்டனில் நடக்கிறது. 2024 அக்டோபரில் அங்குள்ள தொழிற்கட்சி அரசு, 10 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள விவசாயச் சொத்துக்கு 20% வாரிசு வரி என்று பட்ஜெட்டில் அறிவித்தது. அடுத்த மாதமே விவசாயிகள் லண்டனில் திரண்டார்கள். எதிர்ப்பு ஓயாததால் அரசு பிறகு வரம்பை உயர்த்த வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் 2024 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தில் வாரிசு வரி என்ற சொல் சில நாட்கள் தீயாகப் பரவி அடங்கியது.

சுதந்திர இந்தியாவில் நிலம், சொத்து, வரி ஆகிய மூன்றையும் வைத்து ஆளுங்கட்சியின் இடதுசாரிச் சாய்வை எதிர்த்து ஒரு தேசியக் கட்சியையே தொடங்கியவர் ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 80. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி. அவரைப் பணக்காரர்களின் வக்கீல் என்று சொன்னவர்கள் உண்டு. விவசாயியின் காவலர் என்று கொண்டாடியவர்களும் உண்டு. அவர் வாழ்க்கையைக் காவிரி டெல்டாவில் நின்று பார்த்தால், இரண்டுமே பாதி உண்மைதான் என்பது தெரியும்.

வரி வசூலித்தவரின் மகன்

ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10-ம் தேதி, அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில். அப்பா வெங்கடார்யா ஐயங்கார் அந்தக் கிராமத்தின் முன்சீப். அந்தக் காலத்து முன்சீப்பின் முக்கியமான வேலையே ஊரில் நிலவரி வசூல் செய்து சர்க்காருக்குக் கட்டுவதுதான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கிஸ்தி கட்டியாகணும் என்ற கெடு ஒரு விவசாயக் குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்பதைச் சின்ன வயதிலேயே பக்கத்தில் இருந்து பார்க்கும் வீடு அது.

பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்றாகவே நடந்தது. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். பிறகு காந்தி அழைத்தார். வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, வறண்ட பூமியில் கதர் வேலையும் மதுவிலக்குப் பிரச்சாரமும் செய்தார்.

ஒரு வரியை எதிர்த்தார், இன்னொரு வரியைப் போட்டார்

டெல்டாவுக்கு அவர் பெயர் ஆழமாகப் பதிந்தது 1930-ல். உப்பு வரியை எதிர்த்து ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து வேதாரண்யம் போனார்கள். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலே சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஆனாலும் ஊர் ஊராகச் சோறு கிடைத்தது. ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி விழும் வரி அநியாயம் என்பது அந்தப் போராட்டத்தின் அடிப்படை.

ஏழே வருடம் கழித்துக் காட்சி மாறுகிறது. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராகிறார். அன்றைக்கு மாகாண முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை மூடினால் வருமானம் போகும். அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான பொது விற்பனை வரியைக் கொண்டுவந்த முதல் மாகாணம் சென்னைதான். வியாபாரிகள் கொதித்தார்கள். அவர் அசையவில்லை. இன்றைய ஜிஎஸ்டியின் தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

அதே ஆட்சியில் 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. விவசாயிகளின் பழைய கடன்களில் ஏறிக்கிடந்த வட்டி பெருமளவு தள்ளுபடியானது. வட்டிக்கு விட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதாவது, தேவை என்று பட்டால் வரி போடவும், ஒருவரது சொத்துரிமையில் சட்டத்தால் கை வைக்கவும் ராஜாஜி தயங்கியதே இல்லை. பின்னால் வரப்போகும் ராஜாஜியைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

1952: மிராசுதார்களுக்கு எதிராக ஒரு சட்டம்

சுதந்திரத்துக்குப் பிறகு வங்காள ஆளுநர், நாட்டின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று உச்சிப் பதவிகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தஞ்சை டெல்டாவில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. நெருக்கடியில் ராஜாஜியை அழைத்து முதல்வராக்கினார்கள்.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலம் மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் கையில். உழுதவர்கள் குத்தகைக்காரர்களும் பண்ணையாட்களும். பண்ணையாள் என்றால் ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்பவர். பெரும்பாலும் தலித்துகள். எந்த நேரமும் வெளியேற்றலாம் என்ற நிலை.

கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்த ராஜாஜி, அவர்களுடைய முக்கியக் கோரிக்கையின் ஒரு பகுதியைத் தானே எடுத்துக்கொண்டார். 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்றானது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றானது. மிராசுதார்கள் அதிர்ந்தார்கள். அவர்களில் பலர் ராஜாஜியின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் வரை வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. பெரிய நிலத்தைக் குடும்பத்துக்குள் பெயர் மாற்றிப் பிரித்துக்கொண்டால் தப்பிக்கலாம். நிலத்தின் மீது சட்டம் பாயும்போதெல்லாம் டெல்டாவில் நடந்த கதை இது: நிலம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும், பத்திரத்தில் பெயர்கள் மட்டும் பெருகும்.

இன்னொரு ஓட்டை பூகோளம். சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். அதே காவிரித் தண்ணீர், அதே நெல், அதே பண்ணை முறை. ஆனால் எல்லை தாண்டிக் காரைக்காலுக்குள் கால் வைத்தால் அது பிரெஞ்சு ஆட்சி. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த அந்தத் துண்டு நிலத்தில் சென்னைச் சட்டம் செல்லாது.

எஸ்டேட் டியூட்டி அப்படின்னா என்ன?

ராஜாஜி சென்னையில் முதல்வராக இருந்தபோதே டெல்லியில் அந்த வரி பிறந்தது. நிதி அமைச்சர் சி.டி.தேஷ்முக் கொண்டுவந்த எஸ்டேட் டியூட்டி சட்டம் 1953 அக்டோபர் 15 முதல் அமலானது. நோக்கம் எளிமையானது. சொத்து சிலர் கையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குவியக் கூடாது. தொடக்கத்தில் அதிகபட்ச விகிதம் 40%. 1960-களின் பிற்பகுதியில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 85% வரை போனது.

யார் கட்டணும்? இறந்தவரின் சொத்தைப் பெறுபவர்கள். எதற்கு? வீடு, நிலம், நகை, பங்கு, வங்கிப் பணம் எல்லாவற்றின் அன்றைய சந்தை மதிப்புக்கு. சாவதற்கு முன்பே பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டால்? எழுதி வைத்த 2 வருடத்துக்குள் இறந்துவிட்டால் அதுவும் கணக்கில் சேரும்.

விவசாய நிலத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. அரசியல் சட்டப்படி விவசாய நிலத்தின் மீதான வாரிசு வரி மாநிலங்களின் அதிகாரம். அதனால் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுச் சம்மதித்த மாநிலங்களில் மட்டுமே மத்தியச் சட்டம் விவசாய நிலத்தைத் தொட முடியும். பெரும்பாலான மாநிலங்கள் சம்மதித்தன. அதற்கு ஒரு காரணம், வசூலாகும் பணம் மாநிலங்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும் என்ற அரசியல் சட்ட ஏற்பாடு.

விவசாயிக்கு இதில் பயம் எங்கே வந்தது? வியாபாரியிடம் ரொக்கம் இருக்கும். நிலக்காரரிடம் நிலம்தான் இருக்கும். காகிதத்தில் பெரிய மதிப்பு, கையில் அடுத்த அறுவடை வரை காசு இல்லை. வரி நோட்டீஸ் வந்தால் ஒரு பகுதியை விற்றுத்தான் கட்டணும். லண்டனில் திரண்ட விவசாயிகள் சொன்னதும் இதே கணக்குத்தான்.

மறுபக்கமும் உண்டு. தொடக்கத்தில் கூட்டுக் குடும்பப் பங்குக்கு 50,000 ரூபாய், மற்ற சொத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. அன்றைய நில விலையில் ஒரு சிறு விவசாயி இந்த வரம்பைத் தொடுவதே கடினம். அதாவது வரி குறிவைத்தது பல வேலி வைத்திருந்த மிராசுதாரை. பயந்தது அவருக்கும் கீழே இருந்த எல்லோரும்.

காரைக்கால் எங்கே வருகிறது?

1954 ஏப்ரலில் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலகினார். அதே வருடம் நவம்பர் 1-ம் தேதி காரைக்காலும் புதுச்சேரியும் நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. ஆனால் சட்டப்படியான மாற்றத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் முழுமையானது. நடுவில் எட்டு வருடம் காரைக்கால் இரண்டு சட்ட உலகங்களுக்கு நடுவே நின்றது.

1963-ல் யூனியன் பிரதேச அரசு அமைந்தது. வருமான வரி, சொத்து வரி போன்ற இந்திய நேரடி வரிச் சட்டங்கள் அதே வருடம் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டன. இங்கே ஒரு நுணுக்கம். மாநிலம் என்றால் விவசாய நிலத்துக்கு வாரிசு வரி போட அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்கணும். யூனியன் பிரதேசத்தில் எந்தப் பட்டியலில் உள்ள விஷயமானாலும் நாடாளுமன்றமே சட்டம் போடலாம். வசூலிலும் அப்படித்தான்: மாநிலங்களின் பங்கு மாநிலங்களுக்குப் போகும், யூனியன் பிரதேசத்தில் வசூலாவது மத்திய அரசிடமே நிற்கும்.

அரசலாற்றின் ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவரின் நிலத்தைப் பற்றிச் சென்னைச் சட்டமன்றத்தில் பேச ஆள் உண்டு. அந்தப் பக்கம் உள்ளவரைப் பற்றிய கடைசி முடிவு டெல்லியில். அதிகாரம் மையத்தில் குவிகிறது என்று ராஜாஜி அந்த வருடங்களில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததன் சின்ன உதாரணம் போல இருந்தது காரைக்கால்.

80 வயதில் ஏன் புதுக் கட்சி?

1955 ஆவடி மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டரின் யோசனைகளை ஒட்டி, டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சராக இருந்த 1957-ல் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. 1958-ல் நன்கொடை வரி வந்தது. வருமானத்துக்கு ஒரு வரி, சேர்த்ததற்கு ஒரு வரி, செலவழித்தால் ஒரு வரி, கொடுத்தால் ஒரு வரி, செத்தால் ஒரு வரி என்று வட்டம் முழுமையானது.

ராஜாஜி 1957 தேர்தல் சமயத்திலேயே காங்கிரசை விட்டு விலகியிருந்தார். ஆனால் அவரைக் கட்சி தொடங்கும் அளவுக்குத் தள்ளியது வரி அல்ல, நிலம். 1959 ஜனவரியில் நாகபுரி மாநாட்டில், நில உச்சவரம்பை விரைவில் முடிப்பது, கிராம நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவுப் பண்ணையாகப் பயிர் செய்வது என்று காங்கிரஸ் தீர்மானித்தது. உரிமை நிலக்காரருக்கே இருக்கும் என்று தீர்மானம் சொன்னது. வரப்பு அழிந்தபிறகு பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி.

1959 ஜூன் 4-ம் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆந்திர விவசாயிகளின் தலைவரான என்.ஜி.ரங்கா முதல் தலைவர். பம்பாய் அறிவுஜீவி மினு மசானி இன்னொரு தூண். கட்சியின் மூளை ராஜாஜி. சுவராஜ்யா இதழில் ஆங்கிலத்திலும் கல்கியில் தமிழிலும் வாரா வாரம் எழுதினார். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று நாடு நகர்வதைக் கிண்டலாகச் சொல்ல அவர் உருவாக்கிய தொடர், அறுபது வருடம் கழித்தும் பட்ஜெட் விவாதங்களில் புழங்குகிறது.

அவருடைய வாதம் இதுதான். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் நிலத்தில்தான் உழைப்பும் அக்கறையும் இருக்கும். தன் பிள்ளைக்குப் போகும் என்று தெரிந்தால்தான் ஒருவர் வாய்க்காலைத் தூர்வாருவார், தென்னங்கன்று வைப்பார். சொத்து வைத்திருப்பவர் அதற்குத் தர்மகர்த்தா என்ற காந்தியின் கருத்தை அவர் நம்பினார். அந்தப் பொறுப்பைச் சட்டத்தால் பிடுங்கினால் அக்கறையும் சேர்ந்து போய்விடும், மிஞ்சுவது அதிகாரிகளின் ராஜ்யம்தான் என்றார்.

1962 மக்களவைத் தேர்தலில் சுதந்திராக் கட்சிக்கு 18 இடங்கள் கிடைத்தன. ஆனால் முன்னாள் மன்னர்கள், ஜமீன்கள், ஆலை முதலாளிகள் பலர் அந்தக் கட்சியில் சேர்ந்தார்கள். விவசாயிக்காகத் தொடங்கிய கட்சி என்று ராஜாஜி சொன்னாலும், மேடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து ஜனங்கள் வேறு முடிவுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

உச்சவரம்பும் 17-வது திருத்தமும்

சென்னை மாகாணத்தின் நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் உருவானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர்தான் வரம்பு. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் சமத்துவ உரிமையை மீறுகிறது என்று ரத்து செய்தது. நிலக்காரர்கள் மூச்சு விட்டார்கள். சில மாதம்தான். அதே வருடம் அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தையும் சேர்த்து 44 சட்டங்கள், நீதிமன்றம் தொட முடியாதபடி ஒன்பதாவது அட்டவணைக்குள் போயின. ரயத்துவாரி நிலமும், அதாவது சாதாரணப் பட்டா நிலமும், எஸ்டேட் என்ற சொல்லுக்குள் வந்தது.

சுதந்திராக் கட்சி இதைக் கடுமையாக எதிர்த்தது. ஜமீனுக்காகப் போட்ட சட்டம் பட்டாதாரரின் வாசலுக்கு வந்துவிட்டது என்பது அவர்களின் பிரச்சாரம். நாடாளுமன்றத்தில் தோற்றார்கள்.

நிலமே இல்லாதவர்கள்?

ராஜாஜியின் வாதத்தில் பெரிய இடைவெளி இங்கேதான். வாரிசுரிமை புனிதம் என்றால், வாரிசாகப் பெற எதுவுமே இல்லாதவருக்கு என்ன பதில்?

அவர் முதல்வராக இருந்தபோது 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழிலைக் கற்பது. பெரியாரும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். அவர் பதவி விலக நேர்ந்ததே அதனால்தான். அப்பாவின் வயலும் அப்பாவின் தொழிலும் பிள்ளைக்குப் போவது ராஜாஜிக்கு இயல்பான நல்ல விஷயம். வயல் உள்ள வீட்டில் அது வரம். கூலிக்காரர் வீட்டிலோ, பிள்ளைக்குப் போவது கூலி வேலைதான்.

1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினம் வட்டாரத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தகராறின் முடிவில் 44 தலித்துகள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதற்குப் பிறகு டெல்டாவில் நிலத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் நிலக்காரரின் கோணத்தில் மட்டும் நடக்க முடியவில்லை. 1969-ல் கிழக்குத் தஞ்சை நெல் வயல்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970-ல் உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கராகக் குறைந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் காலம் நகர்ந்திருந்தது. ராஜாஜி 1952-ல் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்த சட்டத்தின் சாயலில், காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் புதுச்சேரி 1966-ல் இயற்றியது. சுதந்திராக் கட்சித் தலைவராக அவர் எதை எதிர்த்துக்கொண்டிருந்தாரோ அதன் ஒரு விதையை, முதல்வராக அவரே போட்டிருந்தார்.

வெற்றியும் தோல்வியும்

1967-ல் திமுகவோடு கூட்டணி அமைத்தார். கொள்கையில் எதிரெதிர் துருவங்கள். காங்கிரசை இறக்கணும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். சென்னைச் சட்டமன்றத்தில் சுதந்திராக் கட்சிக்கு 20 இடங்கள், மக்களவையில் 44 இடங்கள். தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி முடிந்தது. ஆனால் அவர் நினைத்த மாற்றம் வரவில்லை. திமுக அரசு மதுவிலக்கை 1971-ல் தளர்த்தியது. வயதான காலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார் ராஜாஜி. கேட்கவில்லை.

டெல்லியில் இந்திரா காந்தியின் ஆட்சி இன்னும் இடதுபக்கம் நகர்ந்தது. அதுவரை விலக்கு பெற்றிருந்த விவசாய நிலம் 1969 பட்ஜெட் வழியாகச் சொத்து வரிக்குள் வந்தது. உச்ச நீதிமன்றமும் 1971-ல் அது செல்லும் என்றது. அந்த வருடத் தேர்தலில் ராஜாஜி தன் பழைய போட்டியாளர் காமராஜோடு கைகோத்தார். வறுமையை ஒழிப்போம் என்ற இந்திராவின் முழக்கத்துக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை. மக்களவையில் சுதந்திராக் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது.

1972 டிசம்பர் 25-ம் தேதி, 94 வயதில், சென்னையில் ராஜாஜி காலமானார். இரண்டு வருடத்தில் கட்சி, சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணையைக் காங்கிரசுக்கு உள்ளேயிருந்து எதிர்த்தவர் சரண் சிங்.

வரி எப்படி முடிவுக்கு வந்தது?

எஸ்டேட் டியூட்டியை ஒழித்தது ராஜாஜியின் கட்சி அல்ல. அவர் எதிர்த்த காங்கிரஸேதான். 1984-ல் விவசாய நிலத்துக்கு அந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த வருடம், ராஜீவ் காந்தி அரசின் நிதி அமைச்சர் வி.பி.சிங், 1985 மார்ச் 16 முதல் ஏற்படும் மரணங்களுக்கு வரியே கிடையாது என்று முழுசாக எடுத்துவிட்டார். காரணம் தத்துவம் இல்லை, கணக்கு. வருடத்துக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் வந்தது. வசூலிக்கும் செலவும் வழக்குகளும் அதற்குப் பொருத்தமே இல்லாமல் இருந்தன. சொத்துக் குவிப்பும் குறையவில்லை. பணக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரித்து எழுதிவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ராஜாஜி சொன்னது பலித்தது என்று சொல்லலாம். அரசின் கை நீண்டால் கெட்டிக்காரர்கள் தப்பிப்பார்கள், கணக்கு வைக்கத் தெரியாதவர்கள் மாட்டுவார்கள் என்பதுதான் அவர் எச்சரிக்கை. 1991-க்குப் பிறகு லைசென்ஸ் முறையும் தளர்ந்தபோது அவர் பெயர் மறுபடி பேசப்பட்டது.

பலிக்காததும் உண்டு. கூட்டுறவுப் பண்ணை வந்து வரப்புகள் அழியும் என்று பயந்தார். அது நடக்கவே இல்லை. நிலம் அழிந்தது வேறு விதத்தில்: தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்து, ஒரு வேலி அரை வேலியாகி, அரை வேலி சில மாக்களாகி, கடைசியில் மனைப்பிரிவு ஆனது. எந்த வரியும் இல்லாமலேயே.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

வாரிசு வரி வேணுமா, வேண்டாமா என்று அடுத்த முறை டைம்லைனில் சண்டை வரும்போது, மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். வரம்பு எங்கே, அதாவது யார் உண்மையில் கட்டுவார்கள்? கட்ட ரொக்கம் இருக்கா, நிலத்தை விற்றுத்தான் கட்டணுமா? வசூலான பணம் யாருக்குப் போகும்? 1953 சட்டத்திலும் சரி, 2024 பிரிட்டன் பட்ஜெட்டிலும் சரி, சண்டை முழுக்க இந்த மூன்றுக்குள்தான்.

நான்காவது கேள்வியை ராஜாஜியின் வாழ்க்கை கேட்க வைக்கிறது. 1952-ல் அவர் கேட்டார். 1959-க்குப் பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டார். அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அது. காரைக்கால் எல்லையின் இரண்டு பக்கமும் வரிகள் வந்தன, போயின. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.